காமாலையே வந்ததில்லை, எனக்கு எப்படி ஹெபடைட்டிஸ் பி?

கல்லீரல் பற்றி எழுதிக் கேளுங்கள் என்று சொன்னதற்கு வந்த கடிதங்களில் முக்கால்வாசி, கல்லீரலில் தங்கும் வைரஸ் நோயான ஹெபடைட்டிஸ் பி பற்றித்தான். அதில் பாதிப் பேர் பெயர் போட வேண்டாம் என்று அடிக்கோடிட்டு எழுதியிருக்கிறார்கள், அதனால் யார் பெயரையுமே போடவில்லை. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்து, நீளமானவற்றைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: எனக்கு 29 வயது. ஆபீஸில் நடந்த ரத்ததான முகாமில் ரத்தம் கொடுத்தேன். பிறகு ரத்த வங்கியிலிருந்து கூப்பிட்டு, எச்.பி.எஸ்.ஏ.ஜி. ரியாக்டிவ் என்று வந்திருக்கிறது, டாக்டரைப் பாருங்கள் என்றார்கள். எனக்கு மஞ்சள் காமாலையே வந்ததில்லை. குடிப்பதில்லை, எந்தத் தப்பும் செய்ததில்லை. எஸ்.ஜி.பி.டி. 38, நார்மல் என்றுதான் போட்டிருக்கிறது. ரிப்போர்ட் தப்பாக இருக்குமா? (ஈரோடு வாசகர்)

எச்.பி.எஸ்.ஏ.ஜி. என்பது ஹெபடைட்டிஸ் பி வைரஸின் மேலுறைப் புரதம், அது ரத்தத்தில் தெரிந்தால் ரியாக்டிவ் என்று எழுதுவார்கள். இந்த வைரஸ் வருவதற்கு நீங்கள் எந்தத் தப்பும் செய்திருக்க வேண்டியதில்லை. வயது வந்த ஒருவருக்கு இந்த வைரஸ் தொற்றினால், நூற்றில் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் உடம்பே அதை விரட்டிவிடும். பிறந்த குழந்தைக்குத் தொற்றினால் கதை தலைகீழ், நூற்றில் தொண்ணூறு பேருக்கு அது நிரந்தரமாகத் தங்கிவிடும். அதனால்தான் இன்று நாள்பட்ட ஹெபடைட்டிஸ் பி-யோடு இருக்கும் பெரியவர்களில் பெரும்பாலோருக்கு அது பிறக்கும்போதோ, விவரம் தெரியாத வயதிலோ வந்திருக்கிறது. தமிழ்நாட்டில் குழந்தைகளுக்கான ஐந்து நோய்த் தடுப்பூசி, பென்டாவேலன்ட் என்பார்களே, ஹெபடைட்டிஸ் பி ஊசியும் அதற்குள் அடக்கம், அது அரசுத் திட்டத்தில் வந்ததே 2011 டிசம்பரில்தான். நீங்கள் பிறந்த காலத்தில் பெரும்பாலான குழந்தைகளுக்கு இந்தத் தடுப்பூசி கிடைக்கவில்லை.

காமாலை வராததற்கும் காரணம் இதுவே. வைரஸ் நேரடியாகக் கல்லீரலைத் தின்பதில்லை. நம் நோய் எதிர்ப்புச் சக்தி வைரஸ் புகுந்த கல்லீரல் செல்களைத் தாக்குகிறது, அந்தச் சண்டை பலமாக நடந்தால் கண் மஞ்சளாகிறது. குழந்தை உடம்புக்கு இது எதிரி என்றே புரியாது, சும்மா விட்டுவிடும். அப்படியே இருபது முப்பது வருடம் போய்விடும். காமாலை வந்தவருக்கெல்லாம் ஹெபடைட்டிஸ் பி இருக்காது, ஹெபடைட்டிஸ் பி உள்ளவர்களில் பலருக்குக் காமாலை வரவே வராது.

ரிப்போர்ட்டுக்கு வருவோம். முதல்கட்டச் சோதனையில் எப்போதாவது தவறாக ரியாக்டிவ் வருவது உண்டு, அதனால் வேறு முறையில் ஒரு தடவை உறுதி செய்துகொள்ளுங்கள். உறுதியாகிவிட்டால் ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும், அப்போதும் இருந்தால்தான் நாள்பட்டது என்று பெயர். ஆனால் ஆறு மாதம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டாம். வைரஸ் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லும் டி.என்.ஏ. அளவு, அது வேகமாகப் பெருகுகிறதா என்று காட்டும் எச்.பி.இ. ஆன்டிஜென், ரத்தத் தட்டணுக்கள், வயிற்று ஸ்கேன், வசதி இருக்கும் இடத்தில் கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று காட்டும் ஃபைப்ரோஸ்கேன் ஆகியவற்றை இப்போதே பார்த்துவிடலாம். எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் சி இரண்டுக்கும் ஒரு தடவை பார்த்துவிடுவது வழக்கம். அதைக் கேட்டுப் பயப்படாதீர்கள், எல்லோருக்கும் பார்ப்பதுதான். ஹெபடைட்டிஸ் டி என்று ஒரு வைரஸ் உண்டு, பி இருப்பவர்களுக்கு மட்டுமே வரக்கூடியது, அதையும் சில டாக்டர்கள் எழுதித் தருவார்கள்.

அப்புறம் அந்த எஸ்.ஜி.பி.டி. 38. கல்லீரல் செல் சேதமானால் ரத்தத்தில் ஏறும் ஒரு என்சைம் அது. பல பேர் அந்த எண்ணைப் பேனாவால் வட்டம் போட்டு, பக்கத்தில் டிக் அடித்து எடுத்து வருகிறார்கள். லேப் தாளில் 45 வரை, சில இடத்தில் 50 வரை நார்மல் என்று அச்சடித்திருக்கும். உலக சுகாதார நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் ஆண்களுக்கு 30, பெண்களுக்கு 19 என்பதுதான் மேல் எல்லை. அந்தக் கணக்குப்படி உங்கள் 38 நார்மல் இல்லை. பதற வேண்டிய எண்ணும் இல்லை, ஆனால் டி.என்.ஏ. அளவைப் பார்க்காமல் விட்டுவிடக் கூடாத எண்.

ரத்ததானம் இனி செய்ய முடியாது. உங்கள் அம்மாவையும் கூடப் பிறந்தவர்களையும் ஒரு தடவை டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்கள். ஒருவருக்கு இருந்தால் அதே வீட்டில் இன்னொருவருக்கும் இருப்பது சாதாரணமாகப் பார்க்கும் விஷயம், அவர்களுக்கும் உங்களைப் போலவே எந்தத் தொந்தரவும் தெரியாமல் இருக்கலாம்.

கேள்வி: என் மருமகளுக்கு இந்த நோய் என்று தெரிந்ததிலிருந்து அவளுக்குத் தட்டு, டம்ளர், துணி துவைப்பது எல்லாம் தனியாக வைத்துவிட்டேன். சமைக்க விடுவதில்லை. பேரனைத் தூக்கவும் யோசனையாக இருக்கிறது. நான் செய்வது சரிதானே? (மதுரை வாசகி)

சரியில்லை அம்மா. நேராகவே சொல்லிவிடுகிறேன், தட்டிலும் டம்ளரிலும் இந்த வைரஸ் பரவாது. சாப்பாட்டில், தண்ணீரில், தொடுவதில், கட்டிப்பிடிப்பதில், இருமலில், ஒரே கழிவறையைப் பயன்படுத்துவதில் எதிலும் பரவாது. ரத்தம், உடலுறவு, பிரசவம், இந்த மூன்று வழிதான். தண்ணீரிலும் சாப்பாட்டிலும் பரவுவது ஹெபடைட்டிஸ் ஏ-யும் ஈ-யும். இவை எல்லாவற்றையும் ஊரில் சேர்த்துக் "காமாலை" என்று சொல்வதால் உங்களுக்கு இந்தக் குழப்பம் வந்திருக்கிறது. மருமகள் சமைக்கட்டும், மகனோடு பேரனோடு சேர்ந்து சாப்பிடட்டும், நீங்கள் தாராளமாகப் பேரனைத் தூக்குங்கள்.

தனியாக வைக்க வேண்டியவை வேறே இருக்கின்றன, வீட்டில் யாரும் அதைக் கவனிப்பதில்லை. ஷேவிங் பிளேடு, டூத் பிரஷ், நகவெட்டி, சர்க்கரை பார்க்கும் ஊசி, காது குத்தியிருப்பவர்கள் மாற்றி மாற்றிப் போடும் தோடு. ரத்தம் பட வாய்ப்புள்ள பொருள் எதுவானாலும் அவரவருக்குத் தனி. இந்த வைரஸ் காய்ந்த ரத்தத் துளியில் வெளியிலேயே ஏழு நாள் வரை உயிரோடு இருக்கும், அதனால் தரையில் ரத்தம் சிந்தினால் கையுறை போட்டுக்கொண்டு, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து துடைக்க வேண்டும். காயம் பட்டால் பிளாஸ்திரி ஒட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். அவ்வளவுதான்.

இதையெல்லாம்விட முக்கியமானது, வீட்டில் இருக்கும் மற்ற எல்லோருக்கும் டெஸ்ட் எடுத்து, இல்லாதவர்களுக்குத் தடுப்பூசி போடுவது. முதல் ஊசி, ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாவது மாதத்தில் மூன்றாவது. உங்கள் மகனுக்கு மட்டும், மூன்றாவது ஊசிக்கு ஒன்று இரண்டு மாதம் கழித்து ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி 10-க்கு மேல் வந்துவிட்டதா என்று பார்த்துவிடுவது நல்லது, அதுவரை ஆணுறை. இந்த ஊசி ஒரு காலத்தில் வெளிநாட்டிலிருந்து வந்தது, நடுத்தரக் குடும்பம் நினைத்துப் பார்க்க முடியாத விலை. 1997-ல் ஹைதராபாத்தில் வரபிரசாத் ரெட்டியின் சாந்தா பயோடெக்னிக்ஸ் இதை இங்கேயே தயாரித்த பிறகுதான் விலை மளமளவென்று இறங்கியது. இன்றைக்கு மருமகளுக்கு வாங்கிக்கொடுத்த தனித் தட்டு, தனி டம்ளர், தனி பக்கெட் செலவில் குடும்பத்துக்கே ஊசி போட்டிருக்கலாம் என்று சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என நினைக்கிறேன்.

கேள்வி: மூன்று மாதக் கர்ப்பம். செக்கப்பில் ஹெபடைட்டிஸ் பி பாசிட்டிவ். கலைத்துவிடலாமா என்று வீட்டில் பேசுகிறார்கள். (கடலூர் வாசகி)

கலைக்க வேண்டிய அவசியமே இல்லை. குழந்தைக்குப் போகாமல் தடுக்க நம்மிடம் மிக நல்ல வழி இருக்கிறது, அதை நேரத்துக்குச் செய்ய வேண்டும் என்பதுதான் ஒரே நிபந்தனை.

இப்போதே டி.என்.ஏ. அளவு பாருங்கள். 2 லட்சம் ஐ.யூ.-க்கு மேல் இருந்தால் ஏழாவது மாத வாக்கில், அதாவது 28 வாரத்துக்குள், வைரஸ் பெருகுவதைத் தடுக்கும் டெனோஃபோவிர் மாத்திரை ஆரம்பிப்பார்கள். கர்ப்பத்தில் பாதுகாப்பானது என்று நன்றாகத் தெரிந்த மாத்திரை. குறைவாக இருந்தால் மாத்திரை இல்லாமலே போகலாம். டி.என்.ஏ. பார்க்க வசதியே இல்லாத ஊர்களில், பாசிட்டிவ் ஆன எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் மாத்திரை கொடுத்துவிடலாம் என்றுகூட 2024 வழிகாட்டுதல் சொல்கிறது.

குழந்தை பிறந்ததும் ஒரு தொடையில் தடுப்பூசி, இன்னொரு தொடையில் இம்யூனோகுளோபுலின், அதாவது தயார் நிலையில் உள்ள எதிர்ப்புப் பொருள் ஊசி. முடிந்தால் 12 மணி நேரத்துக்குள், எப்படியும் 24 மணி நேரத்துக்குள். இந்த இரண்டாவது ஊசி எல்லா ஆஸ்பத்திரி பார்மசியிலும் எப்போதும் இருக்காது. பிரசவ வலி எடுத்த பிறகு வீட்டுக்காரர் ராத்திரி இரண்டு மணிக்கு ஊரெல்லாம் மருந்துக்கடை தேடி அலைவது நடக்கிற கதைதான். எட்டாவது மாதமே ஆஸ்பத்திரியில் பேசி, ஊசி ஃபிரிட்ஜில் வந்துவிட்டதா என்று கேட்டு வைத்துவிடுங்கள். தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் அரசு மருத்துவமனைகளில் இதை இலவசமாகக் கொடுக்கிறார்கள். உங்கள் பிரசவ ஃபைலின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதி வைக்கச் சொல்லுங்கள், டியூட்டி மாறும்போது விட்டுப்போவது அங்கேதான்.

அப்புறம் 6, 10, 14 வாரங்களில் வழக்கமான பென்டாவேலன்ட். ஒன்பது மாதத்துக்கு மேல் குழந்தைக்கு ஒரு ரத்தப் பரிசோதனை, அதற்கு முன்னால் எடுத்தால் குழப்பமான பதில்தான் வரும். இதற்காக மட்டும் சிசேரியன் வேண்டாம். தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம். காம்பில் வெடிப்பு வந்து ரத்தம் கசிந்தால் மட்டும் ஆறும்வரை அந்தப் பக்கம் நிறுத்தி வைக்கலாம்.

கேள்வி: எங்கள் பக்கத்து ஊரில் ஒருவர் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தே எத்தனையோ பேருக்குக் காமாலையைக் குணப்படுத்தியிருக்கிறார். ஹெபடைட்டிஸ் பி-க்கும் அதைச் சாப்பிடலாமா? உங்களைப் போன்ற அலோபதி டாக்டர்கள் ஏன் இதை ஒத்துக்கொள்வதில்லை? (பட்டுக்கோட்டை வாசகர்)

ஒத்துக்கொள்ளாமல் இல்லை, சோதித்தே பார்த்தோம், அதுவும் சென்னையில். இந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லலாம்.

ஹெபடைட்டிஸ் பி வைரஸின் மேலுறைப் புரதத்தை 1960-களில் ஓர் ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் ரத்தத்தில் கண்டுபிடித்தவர் பரூக் பிளம்பெர்க் என்ற அமெரிக்கர். அதற்காக 1976-ல் நோபல் பரிசு வாங்கினார். அவருடைய பிறந்த நாளான ஜூலை 28-ஐத்தான் இன்று உலக ஹெபடைட்டிஸ் தினமாக வைத்திருக்கிறோம். அதே பிளம்பெர்க்கும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழுவினரும் சேர்ந்து, வைரஸ் தங்கிவிட்டவர்களுக்குக் கீழாநெல்லிப் பொடியை 30 நாள் கொடுத்துப் பார்த்தார்கள். 1988-ல் லான்செட் மருத்துவ இதழில் முடிவு வந்தது. கீழாநெல்லிப் பொடி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு அந்த எச்.பி.எஸ்.ஏ.ஜி. மறைந்துவிட்டது, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மருந்தில்லாத வெறும் பொடி சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. நம் ஊர் வேலியோரத்துச் செடி, நோபல் பரிசு வாங்கியவரின் பெயர், லான்செட் பத்திரிகை. இதைவிட என்ன வேண்டும்?

வேண்டியது ஒன்றுதான், இன்னொருவர் செய்தாலும் அதே முடிவு வர வேண்டும். வரவில்லை. தாய்லாந்தில் செய்து பார்த்தார்கள், வேறு நாடுகளிலும் செய்தார்கள், சென்னையில் கிடைத்த முடிவு கிடைக்கவில்லை. செடியின் வகை வேறு, மண் வேறு, மருந்தின் அளவு வேறு என்றெல்லாம் வாதங்கள் நடந்தன. பல ஆய்வுகளைச் சேர்த்து அலசிப் பார்த்தவர்கள், நம்பி மருந்தாகக் கொடுக்கும் அளவுக்கு ஆதாரம் இல்லை என்ற முடிவுக்குத்தான் வந்தார்கள். எனக்கும் இதில் வருத்தம்தான். வேலை செய்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

உங்கள் பக்கத்து ஊர்க்காரர் பொய் சொல்கிறார் என்று நான் நினைக்கவில்லை. அவரிடம் வருகிற காமாலைகளில் பெரும்பாலானவை ஹெபடைட்டிஸ் ஏ அல்லது ஈ-யாக இருக்கும், குடிதண்ணீரால் வந்தது. அது சில வாரங்களில் தானாகவே சரியாகிவிடும். கீழாநெல்லி சாப்பிட்டாலும் சரியாகும், மோர் குடித்தாலும் சரியாகும், சும்மா படுத்திருந்தாலும் சரியாகும். பேர் மட்டும் இலைக்குப் போகிறது. நாள்பட்ட ஹெபடைட்டிஸ் பி அப்படித் தானாகப் போகிற நோய் கிடையாது.

சாப்பாட்டில் ஒரு நாள் கீழாநெல்லித் துவையல் அரைத்தீர்கள் என்றால் நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. மாத்திரையை நிறுத்திவிட்டு அதைச் சாப்பிடுவதைத்தான் வேண்டாம் என்கிறேன். என்ன கலந்திருக்கிறது என்றே தெரியாத பொட்டலப் பொடிகள், லேகியங்கள், "லிவர் டீடாக்ஸ்" டப்பாக்கள் வேண்டவே வேண்டாம். கொரோனா சமயத்தில் எதிர்ப்புச் சக்திக்கென்று சீந்தில்கொடிக் கஷாயத்தை மாதக்கணக்கில் குடித்துக் கல்லீரல் வீக்கத்தோடு வந்தவர்களைப் பற்றி 2021-ல் மும்பை டாக்டர்கள் எழுதியிருக்கிறார்கள். இலை தழை என்பதாலேயே கல்லீரலுக்கு ஒன்றும் செய்யாது என்று சொல்லிவிட முடியாது.

கேள்வி: டெனோஃபோவிர் இரண்டு வருடமாகச் சாப்பிடுகிறேன். போன மாதம் வைரஸ் "கண்டறியப்படவில்லை" என்று வந்துவிட்டது. மருந்துக்கடைத் தம்பி இது எய்ட்ஸ் மாத்திரை என்று வேறு சொல்கிறார். நிறுத்திவிட்டேன். சரிதானே? (சேலம் வாசகர்)

உடனே டாக்டரைப் பாருங்கள். இந்தப் பக்கத்தைப் படித்து முடித்துவிட்டு அல்ல, இப்போதே போன் பண்ணி நேரம் கேளுங்கள்.

வைரஸ் ரத்தத்தில் தெரியவில்லை என்றால் மாத்திரை வேலை செய்கிறது என்று அர்த்தம். வைரஸ் போய்விட்டது என்று அர்த்தம் இல்லை. அதன் மூலப் பிரதி கல்லீரல் செல்லின் உட்கருவுக்குள் போய், வாடகை கொடுக்காமல் காலி பண்ண மறுக்கும் குடித்தனக்காரர் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. இன்றைய மாத்திரைகளால் அது பெருகுவதை நிறுத்த முடியும், அதை வெளியேற்ற முடியாது. மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வைரஸ் மறுபடி கிளம்பும், அதைப் பார்த்து உடம்பு ஒரே மூச்சில் தாக்கும், சில மாதங்களில் எஸ்.ஜி.பி.டி. ஆயிரத்தைத் தாண்டவும் கூடும். கல்லீரல் ஏற்கனவே தழும்பேறிச் சுருங்கியிருந்தால் (சிரோசிஸ் என்பார்கள்) உயிருக்கே ஆபத்து. சிலருக்கு நிறுத்த முடியும், ஆனால் அதை ரிப்போர்ட்களை வைத்து டாக்டர்தான் சொல்ல வேண்டும், நிறுத்திய பிறகும் அடிக்கடி ரத்தம் பார்க்க வேண்டும்.

மருந்துக்கடைத் தம்பி சொன்னது பாதி உண்மை. டெனோஃபோவிர் எச்.ஐ.வி.-க்கும் கொடுக்கிற மருந்துதான், இரண்டு வைரஸும் பெருகுகிற விதத்தில் ஓர் ஒற்றுமை இருப்பதால் இரண்டுக்கும் வேலை செய்கிறது. அட்டையில் பெயரைப் பார்த்துவிட்டுக் கவுன்ட்டரில் நின்று சத்தமாகச் சொல்லிவிடுகிறார்கள், கேட்ட நோயாளி அடுத்த மாதம் மாத்திரை வாங்கவே வருவதில்லை. கடை வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து அந்தப் பேச்சை விட்டுவிடுங்கள்.

மாத்திரை சாப்பிடுபவர்கள் வருடம் ஒன்றிரண்டு தடவை சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் பார்த்துக்கொள்ள வேண்டும், டெனோஃபோவிர் சிலருக்குச் சிறுநீரகத்தையும் எலும்பையும் கொஞ்சம் பாதிக்கும். அப்படியானால் என்டகாவிர் என்ற மாத்திரைக்கோ, டெனோஃபோவிரின் புதிய வடிவத்துக்கோ மாற்றலாம். என்டகாவிரை வெறும் வயிற்றில் சாப்பிட வேண்டும், சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம் இடைவெளி. ராத்திரி படுக்கும்போது போட்டுக்கொள்வது பலருக்கும் ஒத்துவருகிறது. செலவு ஒரு பிரச்சினை என்றால், 2018-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் டெஸ்ட்டும் மாத்திரையும் இலவசம், அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேளுங்கள்.

கேள்வி: துபாய்க்கு வேலை கிடைத்து மெடிக்கலில் அன்ஃபிட் ஆகிவிட்டேன். வைரஸ் குறைவாகத்தான் இருக்கிறது, மருந்தே தேவையில்லை என்று டாக்டர் சொல்கிறார். ஏஜென்ட் ஒருவர் 40 நாளில் நெகட்டிவ் ஆக்கித் தருவதாகச் சொல்கிறார், பணம் கட்டலாமா? (ராமநாதபுரம் வாசகர்)

கட்டாதீர்கள் தம்பி. 40 நாளில் எச்.பி.எஸ்.ஏ.ஜி.-யை நெகட்டிவ் ஆக்கும் மருந்து இன்று உலகில் எங்கும் கிடையாது. தானாக நெகட்டிவ் ஆவதே வருடத்துக்கு நூறு பேரில் ஒருவருக்கு என்ற கணக்குதான். அவர் பணத்தை வாங்கிக்கொண்டு ஒரு பொடியைக் கொடுப்பார், அல்லது வேறு யாராவது ஒருவரின் ரத்தத்தைக் காட்டி ஒரு ரிப்போர்ட் வாங்குவார். அங்கே இறங்கியதும் மறுபடி ரத்தம் எடுத்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், கடன் மட்டும் மிஞ்சும்.

வளைகுடா நாடுகளுக்கான மெடிக்கலில் எச்.பி.எஸ்.ஏ.ஜி. பாசிட்டிவ் என்றால் அன்ஃபிட் என்றே எழுதுகிறார்கள், வைரஸ் எவ்வளவு என்று பார்ப்பதில்லை. மருத்துவ ரீதியாக இந்த விதிக்குப் பெரிய நியாயம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. கட்டட வேலை செய்பவரிடமிருந்து பக்கத்தில் வேலை செய்பவருக்கு இது ஒட்டிக்கொள்ளப் போவதில்லை. ஆனால் விதி அவர்களுடையது. எல்லா நாடுகளிலும் இப்படி இல்லை, அதனால் வேறு நாட்டுக்கு முயற்சி செய்கிறீர்கள் என்றால் பணம் கட்டுவதற்கு முன்பே மெடிக்கல் விதியைக் கேட்டுவிடுங்கள்.

மெடிக்கலுக்குப் போகப் போகும் மற்றவர்களுக்கு ஒன்று. ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போட்ட முதல் இரண்டு மூன்று வாரங்களில், ஊசியில் இருக்கும் அதே புரதம் ரத்தத்தில் தெரிந்து டெஸ்ட் பாசிட்டிவ் காட்டலாம். தடுப்பூசியை மெடிக்கலுக்கு முந்தின வாரம் போடாதீர்கள், ஒரு மாதம் முன்பே போட்டுவிடுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ ஆரம்பிக்கிறார்கள். பத்து வருடத்துக்கு முன் ஹெபடைட்டிஸ் பி பாசிட்டிவ் என்று ஒரு ரிப்போர்ட் இருந்தது. இப்போது அதைச் சொல்ல வேண்டுமா? (கோவை வாசகி)

கட்டாயம் சொல்லுங்கள், அந்தப் பழைய ரிப்போர்ட்டையும் எடுத்துப் போங்கள். கீமோ, அதிக அளவு ஸ்டீராய்டு, முடக்குவாதத்துக்குப் போடும் சில ஊசிகள், ரிடுக்ஸிமாப் போன்றவை எதிர்ப்புச் சக்தியை அமுக்கும்போது, பத்து வருடம் அடங்கிக் கிடந்த வைரஸ் வேகமாகப் பெருகும். கீமோ முடிந்து எதிர்ப்புச் சக்தி திரும்பும் நேரத்தில் கல்லீரல் கடுமையாக அடிவாங்கும். முன்கூட்டியே மாத்திரை ஆரம்பித்து, சிகிச்சை முடிந்த பிறகும் சில மாதங்கள் தொடர்ந்தால் பெரும்பாலும் தடுத்துவிடலாம். ஒரு காலத்தில் வந்து போய்விட்டது, இப்போது நெகட்டிவ் என்பவர்களும், வைரஸ் எப்போதாவது வந்திருந்ததா என்று காட்டும் "கோர் ஆன்டிபாடி" என்ற சோதனையைக் கேட்டு எடுத்துக்கொள்ள வேண்டும், அவர்களுக்கும் இது நடக்கலாம்.

கேள்வி: என்ன சாப்பிடலாம், என்ன சாப்பிடக் கூடாது? (இதே கேள்வி பல ஊர்களிலிருந்து)

உப்பில்லாமல், எண்ணெயில்லாமல் கஞ்சி குடித்துக்கொண்டு பாதி உடம்பாகி வருகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. பத்தியம் தேவையில்லை. வயிற்றில் நீர் கோத்தவர்களுக்கு மட்டும்தான் உப்பைக் குறைக்கச் சொல்வோம். முட்டை, மீன், பருப்பு எல்லாம் சாப்பிடலாம்.

மதுவில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று உங்களுக்குக் கிடையாது. பீர் மட்டும், கள் மட்டும், பொங்கலுக்கு மட்டும் என்று எதுவும் வேண்டாம். ஹெபடைட்டிஸ் பி-யும் குடியும் சேர்ந்தால் கல்லீரல் சுருக்கம் பல வருடம் முன்கூட்டியே வருகிறது. அதற்கு அடுத்தபடியாக இப்போது நான் கவலைப்படுவது தொப்பையைப் பற்றி. சர்க்கரை நோயும் கொழுப்புக் கல்லீரலும் சேர்ந்துகொண்டால், வைரஸ் அடங்கியிருந்தாலும் கல்லீரல் கெடும். மூன்று வேளையும் சோறு, சாயங்காலம் பஜ்ஜி, நடை கிடையாது என்றால் மாத்திரை மட்டும் என்ன செய்யும்?

நிலக்கடலை பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். சரியாகக் காயாத கடலையில் பச்சையாக, கறுப்பாகப் பூஞ்சை பிடிக்கும். அதிலிருந்து வரும் அஃப்ளாடாக்ஸின் என்ற நஞ்சு கல்லீரல் புற்றுநோய்க்குக் காரணம் என்று நிரூபணமானது, ஹெபடைட்டிஸ் பி உள்ளவர்களுக்கு அந்த ஆபத்து பல மடங்கு. மக்காச்சோளத்திலும் இது வரும். வாயில் போட்ட கடலை கசந்தால் துப்பிவிடுங்கள், முழுங்காதீர்கள். செக்கு எண்ணெய் வாங்குகிறவர்கள் என்ன கடலையை ஆட்டுகிறார்கள் என்று எட்டிப் பார்த்து வாங்குங்கள், சொத்தைக் கடலையை ஒதுக்காமல் ஆட்டுகிற இடத்தில் வாங்காதீர்கள்.

காபி குடிக்கலாமா என்று கேட்ட கும்பகோணம் அன்பருக்கு நல்ல செய்தி. காபி குடிப்பவர்களுக்குக் கல்லீரல் சுருக்கமும் புற்றுநோயும் குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சர்க்கரையைக் குறைத்துக்கொள்ளுங்கள். தலைவலி காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போடலாம். கல்லீரல் சுருங்கியவர்கள் ஒரு நாளைக்கு 2 கிராமுக்கு மேல் போக வேண்டாம், அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை நான்கு. அவர்களுக்கு டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள்தான் அதிக ஆபத்து, சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும்.

கேள்வி: எனக்கு 44 வயது. அப்பா கல்லீரல் புற்றுநோயில் போனார். எனக்கும் ஹெபடைட்டிஸ் பி இருக்கிறது, ஆனால் ஒரு தொந்தரவும் இல்லை, நன்றாகச் சாப்பிடுகிறேன், வயலில் வேலை செய்கிறேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேனுக்கு வரச் சொல்கிறார்கள். உண்மையிலேயே அவசியமா, ஸ்கேன் சென்டர் வருமானத்துக்கா? (திருவண்ணாமலை வாசகர்)

அவசியம். சாதாரணமாகக் கல்லீரல் புற்றுநோய் வருவதற்கு முன் சுருக்கம் வரும். ஹெபடைட்டிஸ் பி-யில் சுருக்கமே இல்லாமலும் புற்றுநோய் வரலாம், ஏனென்றால் இந்த வைரஸ் தன் மரபணுவின் துண்டுகளை நம் செல்லின் மரபணுவுக்குள்ளேயே செருகிவிடுகிறது. நாற்பது தாண்டிய ஆண்கள், ஐம்பது தாண்டிய பெண்கள், குடும்பத்தில் ஒருவருக்குப் புற்றுநோய் வந்தவர்கள், சுருக்கம் உள்ளவர்கள், இவர்கள் எல்லோரும் இந்தப் பட்டியலில் வருவார்கள். உங்களுக்கு அதில் இரண்டு பொருந்துகிறது. கல்லீரலுக்குள் வலி தெரியும் நரம்பு கிடையாது, அதன் உறையில்தான் இருக்கிறது, அதனால் கட்டி பெரிதாகி உறையை இழுக்கும்வரை நீங்கள் வயலில் வேலை செய்துகொண்டுதான் இருப்பீர்கள். இரண்டு சென்டிமீட்டரில் பிடித்தால் வெட்டி எடுக்கலாம், ஊசி வழியாகச் சுட்டு அழிக்கலாம். எட்டு சென்டிமீட்டரில் பிடித்தால் பேச்சே வேறு.

அப்பாவுக்குப் புற்றுநோய் வந்தது என்பதே, நீங்கள் மாத்திரை ஆரம்பிக்க வேண்டுமா என்று யோசிக்கவும் ஒரு காரணம். உலக சுகாதார நிறுவனத்தின் 2024 வழிகாட்டுதலில் அதையும் சேர்த்திருக்கிறார்கள். அடுத்த ஸ்கேனுக்குப் போகும்போது டி.என்.ஏ. அளவையும் பார்த்து, டாக்டரிடம் அப்பாவின் விஷயத்தை நீங்களாகவே சொல்லுங்கள், அவர் கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

செலவுதான் கவலை என்றால் அரசு மருத்துவமனையில் ஸ்கேன் எடுங்கள். வெறும் வயிற்றில் போக வேண்டும், காலையில் சீக்கிரம் போனால் கூட்டம் குறைவு. பழைய ஸ்கேன் தாள்களை ஒன்று விடாமல் ஒரே ஃபைலில் போட்டு எடுத்துப் போங்கள், போன தடவை இல்லாதது இந்தத் தடவை இருக்கிறதா என்றுதான் அங்கே பார்ப்பார்கள். உங்கள் அண்ணன் தம்பி அக்கா தங்கைகள் டெஸ்ட் எடுத்தார்களா என்று கடிதத்தில் எழுதவில்லையே?